டோக்கியோவில் ஒரே ஒரு மதியம்: எந்தக் கான்செப்ட் கஃபே?

அடுத்த மாதம் அக்கா மதுரையிலிருந்து டோக்கியோ வருகிறாள். கூடவே அம்மா, அக்காவின் 15 வயது மகள், 10 வயது மகன். மொத்தம் ஆறு நாள். பார்க்க வேண்டிய இடங்களை அக்கா மகள்தான் எழுதி அனுப்பினாள். கோயில், கோபுரம், ரயில் என்று எல்லாவற்றுக்கும் பெயர் போட்டிருந்தவள் ஒரு வரியை மட்டும் மொட்டையாக விட்டிருந்தாள்: “ஒரு கான்செப்ட் கஃபே, சித்தி. எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

பல வருடமாக இங்கே இருந்தும் எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஜப்பானியர்கள் இந்தக் கடைகளைச் சுருக்கமாக ‘கொன்கஃபே’ என்பார்கள். ஏதாவது ஒரு கருவை எடுத்துக்கொண்டு, அறை, உடை, பேச்சு, தட்டில் வரும் சாப்பாடு என்று எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்துவிடுவார்கள். கடைகள் ஏராளம். இவர்களுக்கு இருப்பதோ ஒரே ஒரு மதியம். அதனால் ஒரு வாரமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தேன். இதே கேள்வியோடு வருகிறவர்களுக்கும் உதவட்டும் என்று அதை எழுதி வைக்கிறேன்.

பொதுவாக எல்லோரும் கருவைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பூனை பிடிக்குமா, பிக்காச்சு பிடிக்குமா, ரோபோ பிடிக்குமா என்று. நான் பார்ப்பது வேறு: உள்ளே போனதும் எனக்கு அங்கே என்ன வேடம்? எஜமானியா, குழந்தையா, வாய்மூடிக் கேட்கும் ரசிகையா? அந்த வேடத்தை ஒரு மணி நேரம் கூச்சமில்லாமல் போட முடிந்தால் அந்தக் கடை பிடித்துவிடும். முடியாவிட்டால் அலங்காரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நெளிந்துகொண்டேதான் உட்கார்ந்திருப்போம். கோஎன்ஜி பகுதியில் 2022 இல் ஒரு கஃபே திறந்தார்கள். எழுதி முடிக்க வேண்டிய வேலை கையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அங்கே இடம். எவ்வளவு எழுதப் போகிறோம், எத்தனை மணிக்குள் என்று நுழையும்போதே சொல்லிவிட வேண்டும். நடுநடுவே கடைக்காரர் வந்து எதுவரை ஆயிற்று என்று கேட்பார். பார்ப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. ‘கெடு நெருங்கிவிட்ட எழுத்தாளர்’ என்று நமக்குக் கொடுக்கும் வேடம்தான் அந்தக் கடையே.

சரி, முதலில் மின்னணுப் பொருள், அனிமே கடைகள் நிறைந்த அகிஹபாரா பகுதியின் மெய்ட் கஃபே, அதாவது பணிப்பெண் கஃபே. கொன்கஃபே என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது இதுதான். மெய்ட் கஃபே என்று ஒரே பெயரில் சொன்னாலும் இதில் இரண்டு விதம் உண்டு. தெரியாமல் போனால் ஏமாற்றம்தான். முதல் விதத்துக்கு க்யூர் மெய்ட் கஃபே நல்ல உதாரணம். 2001 மார்ச்சில் திறந்தது. நிரந்தரக் கடையாக நடந்த முதல் மெய்ட் கஃபே என்று அதைத்தான் சொல்கிறார்கள். பணிப்பெண்கள் நீளப் பாவாடையும் வெள்ளை ஏப்ரனுமாக, அந்தக் கால இங்கிலாந்து வீட்டுப் பணிப்பெண்களைப் போல உடுத்தியிருப்பார்கள். ஆட்டமும் பாட்டும் கிடையாது. தேநீர் வரும், கேக் வரும், மெல்லிய இசை ஓடும். பொருட்காட்சி போல இரையும் அகிஹபாராவுக்குள் அப்படி ஓர் அமைதியா என்று ஆச்சரியமாக இருக்கும்.

இரண்டாவது விதம்தான் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. 2004 இல் தொடங்கிய அட்-ஹோம் கஃபே, மெய்ட்ரீமின் போன்றவை இந்த வகை. கதவைத் திறந்ததும் “ஒகாயெரினாசைமாசே” என்று குரல் வரும். ஆண்களை கோஷுஜின்சாமா, அதாவது எஜமானரே என்பார்கள். பெண்களை ஓஜோசாமா, பெரிய வீட்டுப் பெண்ணே என்பார்கள். சாப்பாடு வந்ததும் இரண்டு கையாலும் இதயம் போலக் காட்டி “மொயே மொயே க்யூன்” என்று நாமும் சேர்ந்து சொல்ல வேண்டும்; அப்போதுதான் ருசி கூடுமாம். ஒமுரைஸ், அதாவது ஆம்லெட் போர்த்திய சாதம் கேட்டால் அந்த ஆம்லெட்டின் மேல் தக்காளி சாஸால் பூனையோ முயலோ வரைந்து, நம் பெயரையும் எழுதித் தருவார்கள். மனதைக் கவரும் ஒன்றின் மேல் பொங்கும் பிரியத்தைச் சொல்லும் இந்த ‘மொயே’ என்ற சொல் 2005 இல் ஜப்பானின் அந்த வருடத்துப் பிரபலச் சொற்களில் ஒன்றாகத் தேர்வானது. ஒரு தெருவின் வழக்கு நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்த காலம் அது.

இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களைத் தெரியும். முதல் தடவை போகும்வரை எனக்கும் தயக்கம் இருந்தது. ஆனால் அந்த வரவேற்புச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒகாயெரி என்பது கடையில் சொல்லும் வார்த்தையே இல்லை. வெளியே போய்விட்டு வருபவரிடம் வீட்டில் இருப்பவர் சொல்வது. நம் வீட்டில் “வந்துட்டியா?” என்று கேட்பது மாதிரி. டோக்கியோவில் தனி அறையில் வாழும் எத்தனையோ பேருக்கு அதைச் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. வாரா வாரம் தனியாக வந்து, ஒரு பானம் குடித்து, நான்கு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர்களை அங்கே பார்த்த பிறகு என் தயக்கம் போய்விட்டது. நானும் இங்கே வந்த முதல் வருடம் யாரும் வந்துட்டியா என்று கேட்காத அறைக்குத்தான் தினமும் திரும்பினேன்.

விதிகள் கறாரானவை, அது நல்லதுதான். பணிப்பெண்களைத் தொடக்கூடாது, சொந்த விவரம் கேட்கக்கூடாது, நம் போனில் அவர்களைப் படம் எடுக்கக்கூடாது. சேர்ந்து படம் வேண்டுமென்றால் காசு கொடுத்து ‘செக்கி’ எடுத்துக்கொள்ளலாம். உடனே அச்சாகி வரும் சின்னப் படம். அதன்மேல் பேனாவால் அலங்கரித்துத் தருவார்கள். செலவைப் பொறுத்தவரை, உணவின் விலையோடு நுழைவுக் கட்டணம் தனியாக உண்டு, ஆளுக்கு ஒன்றாவது வாங்க வேண்டும், பல இடங்களில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 3000 யென் எடுத்து வைத்துக்கொண்டால் திண்டாட வேண்டியதில்லை.

தெருவில் துண்டுத்தாள் நீட்டுகிறவர்களின் பின்னால் மட்டும் போகாதீர்கள். ஒரு முறை தோழியோடு அப்படிப் போய் ஒரு சந்துக்கடையில் உட்கார்ந்தேன். பணிப்பெண்ணுக்கும் ஒரு பானம் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மறுக்கச் சங்கடப்பட்டு இரண்டு தடவை தலையாட்டிவிட்டோம். பில்லைப் பார்த்தபோது நாங்கள் நினைத்ததைப் போல மூன்று மடங்கு. விலைப்பட்டியலை வாசலிலேயே மாட்டியிருக்கும் கடை, அல்லது பெயர் தெரிந்த கடை, இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். மதியத்தில் போனால் குடும்பங்களும் பெண்களும் நிறையவே இருப்பார்கள்.

எங்கள் குழுவுக்கு இது பொருந்துமா? அக்கா மகள் குதிப்பாள். அம்மா என்ன செய்வார் என்று யோசித்தால்தான் இடிக்கிறது. தன் பேத்தி வயதுப் பெண் ஒருத்தி பணிப்பெண் உடையில் வந்து எஜமானி என்று கூப்பிட்டால், அம்மா அவளை உட்காரச் சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்பார். அந்த வேடம் அவருக்கு ஒட்டாது.

இதன் மறுபக்கம் இகெபுகுரோவில் இருக்கிறது: ஸ்வாலோடெயில் என்ற பட்லர் கஃபே. 2006 மார்ச்சில் திறந்தது. அந்தப் பகுதியை ஒதோமே ரோடு, அதாவது கன்னியர் தெரு என்பார்கள். பெண் வாசகர்களுக்கான காமிக்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். இங்கே உடை நேர்த்தியான ஆண்கள், நடுவயதைத் தாண்டியவர்கள்கூட, நம் வீட்டுத் தலைமைப் பணியாளராக நடிக்கிறார்கள். படி இறங்கிக் கதவு திறந்ததும் கோட்டை வாங்கிக்கொள்வார்கள். நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். தேநீரை நாமே ஊற்றிக்கொள்ளப் போனால் தடுத்துவிடுவார்கள். மேசையில் ஒரு சின்ன மணி இருக்கும், வேண்டியபோது அடிக்கலாம். கைகழுவ எழுந்தாலும் கூடவே வந்து வழிகாட்டுவார்கள். 80 நிமிடம். முன்பதிவு இல்லாமல் போக நினைக்காதீர்கள். உள்ளே படம் எடுக்கவே கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த கொன்கஃபே இதுதான், தயங்காமல் சொல்வேன். வீட்டிலும் அலுவலகத்திலும் அடுத்தவருக்குப் பரிமாறியே பழகிய பெண்ணுக்கு, 80 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்று ஒரு இடம் சொல்கிறது. முதல் அரை மணி நேரம் எனக்குக் கை பரபரத்தது. அதன் பிறகு பழகிவிட்டது. ஆனால் ஒரு பெரிய தடை: இந்த நாடகம் முழுக்கப் பேச்சில்தான் நடக்கிறது, பேச்சு முழுக்க ஜப்பானிய மொழி. அதுவும் பழங்கால மரியாதை நடை. மொழி தெரியாதவர்களுக்கு நல்ல பீங்கானும் நல்ல தேநீரும் மட்டும்தான் மிஞ்சும். நான் ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தால் மேசையில் நால்வரும் என் முகத்தையே பார்க்க வேண்டியதுதான். 10 வயதுப் பையன் அவ்வளவு நேரம் அசையாமல் இருக்கவும் மாட்டான். ஜப்பானிய மொழி படிக்கும் பெண்கள் இருவர் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு இங்கேதான் அனுப்புவேன்.

பையன் கேட்பது போக்கேமான் கஃபே. நிஹோன்பாஷியில் தகாஷிமாயா கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் 2018 முதல் இருக்கிறது. தட்டில் பிக்காச்சு முகம், காபி நுரையில் நமக்குப் பிடித்த உருவம், நடுவில் பிக்காச்சுவே வந்து கையசைக்கும். நமக்கு வேடம் மிகச் சுலபம், குழந்தையாக இருந்தால் போதும். கஷ்டம் முழுவதும் முன்பதிவில்தான். போகும் நாளுக்கு 31 நாள் முன்பு, ஜப்பான் நேரம் மாலை 6 மணிக்கு இணையத்தில் திறக்கும். இந்திய நேரம் பிற்பகல் 2.30. விடுமுறை நாட்களுக்கான இடங்கள் சட்டென்று தீர்ந்துவிடும். 90 நிமிடம் உட்காரலாம். உண்மையைச் சொன்னால், சாப்பாட்டைவிடப் படம்தான் பெரிது. கடைக்குப் பக்கத்திலேயே போக்கேமான் பொருள் விற்கும் பெரிய கடை இருப்பதால் பர்ஸுக்கும் வேலை உண்டு.

விலங்கு கஃபேக்களைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். பூனை கஃபே தைவானில் 1998 இல் பிறந்தது. ஜப்பானில் முதல் கடை 2004 இல் ஒசாகாவில் வந்தது. வாடகைக் குடியிருப்புகள் பலவற்றில் செல்லப்பிராணி வளர்க்கத் தடை என்பதால் இங்கே அது வேரூன்றியதில் வியப்பில்லை. மீட்கப்பட்ட பூனைகளை வைத்து, அவற்றுக்கு வீடு தேடித் தரும் ‘ஹோகோநெகோ’ கஃபேக்கள் இருக்கின்றன. போவதென்றால் அங்கே போங்கள். பூனை தானாக வந்தால் தடவலாம், தூக்கக்கூடாது. ஆந்தை கஃபேக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். இரவில் விழித்திருக்கும் பறவையைக் காலில் கயிறு கட்டி, பகல் முழுக்க விளக்கு வெளிச்சத்தில் வைத்து, வருகிறவர்கள் எல்லோரும் தலையைத் தடவுகிறார்கள். நீர்நாய் கஃபேயும் அப்படித்தான். அங்கே இருப்பது ஆசியச் சிறுநக நீர்நாய். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் வாழ்கிற அதே இனம். இங்கே அதை வளர்க்கும் ஆசை பரவியதில் தாய்லாந்திலிருந்து குட்டிகளைக் கடத்தி வந்து பிடிபட்டவர்கள் உண்டு. 2019 இல் அதன் சர்வதேச வணிகத்தைத் தடைசெய்ய உலக நாடுகள் முடிவெடுத்தன. மற்ற கடைகளில் வேடம் போடுகிறவர்கள் விரும்பிப் போடுகிறார்கள். இந்த உயிர்களிடம் யாரும் கேட்கவில்லை. பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

பேசாமல் இருப்பதே கருவாக உள்ள கடையும் டோக்கியோவில் உண்டு. ஷிபுயாவில் லயன் என்ற இசைக் கஃபே. 1926 இல் தொடங்கி, போரில் எரிந்து, 1950 இல் திரும்பக் கட்டியது. கொன்கஃபே என்ற சொல் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இருக்கிற இடம். நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கம், கோயிலில் சன்னிதியைப் பார்த்தது போல, இரண்டு மாடி உயரம் எழும் ஒலிபெருக்கியைப் பார்த்திருக்கும். மேற்கத்தியச் செவ்வியல் இசைத்தட்டுகள் சுழலும். பேச்சு கூடாது, படமும் கூடாது. ஒரு காபியின் விலைதான் செலவு. தனியாக வந்தால் நான் சொல்வது இதைத்தான். ஐந்து பேராக, அதில் ஒரு பையனோடு? வேண்டாம்.

கடைசியாக நிஹோன்பாஷியின் இன்னொரு கடை: டான் அவதார் ரோபோ கஃபே. 2021 ஜூனில் நிரந்தரக் கடையாகத் திறந்தது. ரோபோ பரிமாறும் கடை என்றுதான் பலர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். பாதி உண்மைதான் அது. மேசையில் ஒரு சாண் உயரத்துக்கு, ஜப்பானின் பழைய ‘நோ’ நாடக முகமூடியை நினைவூட்டும் வெள்ளை முகத்தோடு ஒரு சின்ன ரோபோ இருக்கும், பெயர் ஒரிஹிமே. தட்டு ஏந்தி வரும் பெரிய ஒரிஹிமே 120 சென்டிமீட்டர் உயரம். இவற்றுக்குள் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் தன் வீட்டிலிருந்தபடி ஒரு மனிதர் இயக்குகிறார். தசை இயக்கம் குறைந்துகொண்டே போகும் நோயாளிகள், முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள், வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்கள். சிலர் கண் அசைவால் மட்டுமே இயக்குகிறார்கள். அவர்களைப் பைலட் என்கிறார்கள். கேமரா வழியாக நம்மைப் பார்த்து, மைக் வழியாகப் பேசி, என்ன வேண்டும் என்று கேட்டு, வேலைக்குச் சம்பளம் வாங்குகிறார்கள். அவதாரம் என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அது இவ்வளவு நேர் பொருளில் பயன்பட்டு நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இதை உருவாக்கியவர் யோஷிஃபுஜி கென்தாரோ. சிறுவயதில் உடல்நலமின்றி மூன்றரை வருடம் பள்ளிக்குப் போக முடியாமல் இருந்தவர். தனிமை என்னவென்று அப்போது தெரிந்துகொண்டேன் என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறார். 2012 இல் ஒரி ஆய்வகத்தை நிறுவினார். நான்கு வயதில் விபத்துக்குள்ளாகிப் படுக்கையிலேயே வாழ்ந்த நண்பர் ஒருவர் அவரோடு ரோபோ வழியாக வேலை செய்தார். அந்த நண்பரோடு பேசிப் பேசித்தான், உட்கார்ந்த இடத்தில் பேசும் ரோபோ போதாது, எழுந்து போய் வேலை செய்யும் உடல் வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்தது. கடை திறக்கும் முன்பே, 2017 இல், நண்பர் இறந்துவிட்டார். 2018 இல் அகாசாகாவில் சில நாட்கள் சோதனையாக நடத்திப் பார்த்து, பிறகு இந்த இடத்துக்கு வந்தார்கள். 2021 இல் ஜப்பானின் நல்ல வடிவமைப்புக்கான உயரிய விருது இதற்குக் கிடைத்தது.

இங்கே நமக்கு என்ன வேடம் என்று கேட்டால், வேடமே வேண்டாம் என்பதுதான் பதில். எதிரில் வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவரோடு சாதாரணமாகப் பேசினால் போதும். எந்த ஊர், மழை பெய்கிறதா, உங்களுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று பேச்சு போகும். நான் போன நாளில் பேசியவர் தன் ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையைப் பற்றிச் சொன்னார். எழுந்து வரும்போதுதான் அவர் படுத்தபடி பேசுகிறார் என்பது நினைவுக்கு வந்தது. ஆங்கிலம் பேசும் பைலட்டுகளும் உண்டு, பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளலாம். இன்னொரு பக்கம் நெக்ஸ்டேஜ் என்ற இரட்டைக் கை ரோபோவின் வழியாக ஒரு பைலட் காபி போட்டுத் தருவார். பையனை அங்கே நிறுத்திவிட்டால் நகரமாட்டான். பைலட்டோடு பேச வேண்டுமென்றால் ஒரிஹிமே இருக்கும் மேசைக்கு முன்பதிவு செய்ய வேண்டும். சும்மா வந்து காபி குடிக்கத் தனிப் பகுதி இருக்கிறது.

அம்மாவை நினைத்துத்தான் இந்தப் பக்கம் சாய்கிறேன். அப்பா கடைசி இரண்டு வருடம் பக்கவாதத்தில் படுத்திருந்தார். இரும்புக்கடை வைத்திருந்தவர். தினமும் காலையில் இன்று கம்பி விலை என்ன என்று கேட்பார். சொன்னால் அதற்கு ஒரு கணக்கு சொல்வார். அதைக் கேட்கக் கடையில் ஆள் இருந்தால் அன்று முழுக்க நன்றாக இருப்பார். அம்மாவுக்கு அந்தக் கடையில் நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். ஒரு வரி சொன்னால் போதும்: படுத்திருக்கிற ஒருத்தர் வீட்டிலிருந்து பேசுறாரும்மா, இது அவரோட வேலை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒமுரைஸில் ஆம்லெட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் கோழி சேர்த்த சாதம். சூப்பிலும் சாஸிலும் மீன் சாறு ஒளிந்திருக்கும். காய்கறி மட்டும் என்று தோன்றும் தட்டிலும் அது இருக்கலாம். எந்தக் கஃபேக்குப் போனாலும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய், அங்கே பானமும் கேக்கும் எடுத்துக்கொள்வதுதான் நிம்மதி. அப்புறம், பழைய பட்டியல்களை நம்பாதீர்கள். ஹராஜுகுவின் கவாயி மான்ஸ்டர் கஃபே 2015 இல் திறந்து 2021 ஜனவரியோடு மூடிவிட்டது. இன்னமும் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கிளம்பும் முன் கடையின் சொந்தத் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

ஆக, நான்காம் நாள் மதியம் டானில் ஐந்து பேருக்கு, ஆங்கிலம் பேசும் பைலட் வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அங்கிருந்து கொதென்மாசோ நிலையம் பக்கம், அடுத்த நிலையமே அகிஹபாரா. அம்மாவையும் அக்காவையும் அறையில் ஓய்வெடுக்க விட்டுவிட்டு, சாயங்காலம் அக்கா மகளை மட்டும் ஒரு மணி நேரம் மெய்ட் கஃபேக்குக் கூட்டிப் போவேன். அமைதியானதா, ஆட்டம் உள்ளதா என்று கேட்டேன். “ஆட்டம்தான், சித்தி” என்று ஒரு நொடியில் பதில் வந்தது. ஒரே ஒரு மதியம் என்று தொடங்கியது நீண்டுவிட்டது; பையனுக்கு ஐந்தாம் நாள். அந்த நாளுக்கான போக்கேமான் முன்பதிவு இந்த வியாழக்கிழமை திறக்கிறது. மதுரையில் 2.30க்கு அக்கா ஒரு பக்கமும், இங்கே 6 மணிக்கு நான் ஒரு பக்கமுமாக முயலப் போகிறோம்.